விண்டோஸை இழக்காமல் லினக்ஸ் மின்ட்: டூயல் பூட் செய்முறை

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டு, ஆன் செய்யும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் விண்டோஸில் செய்யாமல் விட்ட வேலைகள்தான் பிறகு தலைவலியாகின்றன. அதனால் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

தேவையானவை: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று (அதில் இருப்பவை அழிந்துவிடும்), முக்கியமான கோப்புகளை நகலெடுத்து வைக்கத் தனி ஹார்ட் டிஸ்க், கணினியில் குறைந்தது 60 ஜிபி காலி இடம். மின்ட் 20 ஜிபியிலும் நிற்கும். ஆனால் அப்டேட்டுகள் சேரச் சேர இடம் நெருக்கும்.

1. விண்டோஸைத் தயார் செய்தல்

முதலில் பேக்கப். பார்ட்டிஷனை, அதாவது வட்டின் தனிப் பிரிவை, தொடும் எந்த வேலைக்கும் இது கட்டாயம்.

அடுத்து, தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள் (இயங்குதளத்துக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ்). புதிய முறையான யுஇஎஃப்ஐ என்று இருந்தால் இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். பழைய முறையான லெகஸி என்றிருந்தால் பென்டிரைவையும் லெகஸி முறையிலேயே பூட் செய்ய வேண்டும். இரண்டையும் கலந்தால் பூட் மெனுவில் ஏதாவது ஒன்றுதான் தெரியும்.

வட்டில் இருப்பவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். புதிய லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இனி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸுக்குப் போனால் விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்கலாம், எழுத முடியாது. வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "powercfg /h off" என்ற கட்டளையைக் கொடுத்தால் ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே நின்றுவிடும்.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். 60 ஜிபிக்கு 61440. சில நேரம் 200 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டும். பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக வட்டில் இருக்கும் கோப்பு), சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் வட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தில் புது டிரைவ் எதுவும் உருவாக்காமல் அன்அலோகேட்டட் என்றே விட்டுவிடுங்கள்.

2. பென்டிரைவும் பூட்டும்

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான முழு வட்டு நகல்) அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற செயலி மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். யுஇஎஃப்ஐ கணினி என்றால் ரூஃபஸின் பார்ட்டிஷன் ஸ்கீமில் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் சின்னமன் பதிப்பைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது.

பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும், நிறுவுவதற்கு முன் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பெரும்பாலும் வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி அமைப்புதான் காரணம். பயாஸில் அதை ஏஹெச்சிஐ (வட்டை இணைக்கும் பொது முறை) என்று மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

3. நிறுவுதல்

விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தேர்வு வந்தால் அதுவே போதும். வராவிட்டால் சம்திங் எல்ஸ். காலி இடத்தைத் தேர்ந்து கூட்டல் குறியை அழுத்தி, வகை இஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை), மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு (/) என்று கொடுங்கள். ரேம் நிறையும்போது உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், மின்ட் கோப்பாகவே உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் எக்காரணம் கொண்டும் ஃபார்மேட் செய்யாதீர்கள்; விண்டோஸின் பூட் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட்டில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டால், ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் நீல மெனு வரும். அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். கன்டின்யூ பூட் கொடுத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

4. முதல் பூட்டுக்குப் பிறகு

கணினி எழும்போது இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால் பதற வேண்டாம். மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி அணைந்திருக்கலாம். கிரப் அமைப்புக் கோப்பில் (/etc/default/grub) ஓஎஸ் ப்ரோபர் என்ற அந்தத் தேடும் வசதியை முடக்கும் வரியின் (GRUB_DISABLE_OS_PROBER) மதிப்பை ஃபால்ஸ் ஆக்கி, "sudo update-grub" கட்டளையை இயக்குங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் தவறாகக் காட்டும். வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம். மின்ட் டெர்மினலில் "timedatectl set-local-rtc 1" கொடுத்தால் சரியாகிவிடும்.

5. வேகம்

இரண்டு இயங்குதளங்கள் இருப்பதால் கணினி மெதுவாகாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்குகிறது. மெதுவாக்குவது இட நெருக்கடியும் தானாகத் தொடங்கும் செயலிகளும்தான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியிலும், மின்ட்டில் ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸிலும் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ 15 சதவீத இடம் காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டிக்கான டிரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிப்பது) இரண்டும் தாமாகவே செய்கின்றன. அதற்கெனத் தனிச் செயலிகள் போடாதீர்கள். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில் ஓட்டுகிறீர்கள் என்றால், எந்த அமைப்பு மாற்றத்தையும்விட எஸ்எஸ்டிக்கு மாறுவதே பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

பின்னாளில் மின்ட்டை நீக்க நினைத்தால், முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை அதன் பிறகே அழியுங்கள். வரிசை மாறினால் கிரப்பின் கறுப்புத் திரையில் போய் நிற்கும்.