மக்கள் சேனல் தொடங்கும் நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஊருக்குள் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும். பல காலம் அதைக் கொடுத்தது நகர நிர்வாகம்தான். தெரு ஊருக்குச் சொந்தம், அதை வைத்துச் சம்பாதிப்பவர் ஊருக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும் என்ற நியாயத்திலிருந்து வந்ததுதான் அங்குள்ள பொது அணுகல் தொலைக்காட்சி. ஊர்க்காரர் யாராக இருந்தாலும் நிகழ்ச்சி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தால், அதைக் கட்டணம் வாங்காமல், வெட்டாமல் ஒளிபரப்ப வேண்டும். வழக்கமாக மூன்று சேனல்களைச் சேர்த்தே பேசுவார்கள்: பொதுமக்களுக்கு ஒன்று, பள்ளி கல்லூரிகளுக்கு ஒன்று, நகர மன்றத்துக்கு ஒன்று. நம் ஊரில் லோக்கல் சேனல் என்றால் கேபிள்காரர் தானே நடத்தி, படமும் விளம்பரமும் போடுவது. அங்கே இந்தச் சேனல்களில் கேபிள் நிறுவனம் கை வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சிறு ஊரில் இப்படியொரு சேனலில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பக்கத்து ஊர்கள் புதிதாகத் தொடங்கவோ பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ உட்காரும்போது அந்தக் கூட்டங்களுக்குப் போவேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு முதல் நகரங்கள் செய்த அதே தவறுகள் இன்றும் மேசைக்கு வருகின்றன.

சேனல் கிடைத்துவிட்டது, அப்புறம்?

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சேனலைக் கேட்டு வாங்கிவிட்டு ஆளுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவது.

நியூயார்க் நகரம் 1970-இல் மன்ஹாட்டன் தீவுக்கு இரண்டு கேபிள் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. 1971 ஜூலையில் இரண்டு பொது சேனல்கள் திறந்தன. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் எதை எடுத்துக்கொண்டு வருவது? வீடியோ கேமராவை அன்று எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? அந்த இடைவெளியை நிரப்பியது ஒப்பந்தம் இல்லை, வெளியே இருந்த சிலர். ஜார்ஜ் ஸ்டோனி, ரெட் பர்ன்ஸ் இருவரும் அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையத்தைத் தொடங்கி, சோனியின் தோளில் மாட்டும் போர்ட்டாபேக் வீடியோ கருவியைச் சாதாரண மக்கள் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். ஸ்டோனி அதற்கு முன் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் இதே மாதிரி ஒரு திட்டத்தை நடத்திவிட்டு வந்தவர். கேமரா தானாக யாரையும் பேச வைக்காது, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்திருந்தது.

மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1972-இல் விதி கொண்டுவந்தபோது முதல் 100 பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் புதிய கேபிள் அமைப்புகள் பொது சேனல் தர வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் தயாரிப்பு விஷயத்தில், ஸ்டுடியோவிலிருந்து 5 நிமிடத்துக்கு மேற்படாத நேரடிப் பேச்சுக்கு மட்டும் காசு வாங்கக் கூடாது என்றது. அதற்கு மேல் போனால் செலவை வசூலிக்கலாம். காசில்லாதவருக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம்தான். அதற்கும் முன்பே, 1968-இல், வர்ஜீனியாவின் டேல் சிட்டி என்ற குடியிருப்பு நகரில் ஊர் இளைஞர் அமைப்பு ஒன்று கேபிளில் தன் சொந்தச் சேனலை நடத்திப் பார்த்தது. இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஆர்வம் இருந்தது, நிலையான பணம் இல்லை.

இன்றைய சட்டத்தில் இந்தக் குழி வேறு வடிவத்தில் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டப்படி நகரம் வாங்கும் உரிமக் கட்டணம் நிறுவனத்தின் கேபிள் வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஸ்டுடியோ, கேமரா போன்ற மூலதனச் செலவுக்கு அதற்கு மேலும் கேட்டு வாங்கலாம். சம்பளம், மின்கட்டணம், வாடகை இதெல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள்தான் வர வேண்டும். அந்த 5 சதவீதமோ நகரத்தின் பொதுக் கணக்கில் போய் விழுகிறது, சாலைக்கும் போலீஸுக்கும் கரைகிறது. விளைவு என்ன? பளபளவென்று புது கேமராக்கள் அலமாரியில் இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. உரிமக் கட்டணத்தில் இத்தனை பங்கு சேனலின் அன்றாடச் செலவுக்கு என்று நகர மன்றம் முதல் நாளே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த பட்ஜெட்டிலேயே கை வைப்பார்கள்.

எங்கள் மையத்திலேயே ஒரு சமயம் செலவைக் குறைக்க மாலை நேர ஊழியரை எடுத்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் கதவு பூட்டிவிடும். அப்போது ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பயிற்சியில் சேர்ந்திருந்தார். முதல் வகுப்பில் வெள்ளைத் தாளைக் கேமரா முன் பிடித்து நிறத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டபோது, திரையில் மஞ்சளாக இருந்த தாள் பளிச்சென்று வெளுத்ததைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தன் தெருவில் வாடகை ஏறுவதைப் பற்றி எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஐந்து மணிக்கு மூடும் மையத்துக்கு ஆறு மணிக்கு வேலை முடிப்பவர் எப்படி வருவார்? வரவில்லை. அந்த நிகழ்ச்சி எடுக்கப்படவே இல்லை. மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கிறதா என்பதைத்தான் நான் எந்த ஊர் மையத்திலும் முதலில் கேட்பேன்.

சாவியை யாரிடம் கொடுப்பது

நடத்தும் பொறுப்பைக் கேபிள் நிறுவனத்திடமே விட்டுவிடுவது சில ஊர்களுக்கு வசதியாகப் படுகிறது. ஸ்டுடியோ அவர்களுடையது, ஆட்களும் அவர்களுடையவர்கள், நகரத்துக்குத் தலைவலி இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் அப்படித்தான் இருந்தது. கலிஃபோர்னியா 2006-இல் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை நகரங்களிடமிருந்து எடுத்து மாநிலத்திடம் கொடுத்தது. ஸ்டுடியோ நடத்தும் கடமையிலிருந்து நிறுவனம் விடுபட்டது. 2009 தொடக்கத்தில் அந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. பல வருடமாக நிகழ்ச்சி செய்தவர்கள் வாசலில் நின்றார்கள். கட்டடமும் கருவிகளும் ஊரின் பெயரில் இருந்திருந்தால் மூடுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

மேயர் அலுவலகத்தின் கீழ் வைப்பதும் சரிப்படாது. நகர மன்றக் கூட்டத்தை ஒளிபரப்பும் சேனலை நகரம் நடத்தட்டும். மேயரைத் திட்டும் நிகழ்ச்சியும் வரக்கூடிய பொது சேனலை மேயரிடம் சம்பளம் வாங்குபவர் நடத்தக் கூடாது. தனி நிர்வாகக் குழுவோடு, லாப நோக்கில்லாத ஒரு அமைப்பிடம் கொடுப்பதே மேல். பாஸ்டன் போன்ற நகரங்கள் எடுத்த வழி அதுதான்.

ஆனால் அமைப்பிடம் கொடுத்துவிட்டால் பேச்சுரிமை தானாக வந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. மன்ஹாட்டனின் பொது சேனல்களை நடத்தும் தனியார் அமைப்பு, தன்னை விமர்சித்துப் படம் எடுத்ததற்காகத் தங்களுக்குக் கதவை அடைத்துவிட்டது என்று இரண்டு தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2019-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: அந்த அமைப்பு அரசு ஆகாது, அரசைக் கட்டுப்படுத்தும், அரசியலமைப்பின் பேச்சுரிமைத் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது. நான்கு நீதிபதிகள் ஏற்காத தீர்ப்பு, எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் இன்று சட்டம் அதுதான். ஆகவே முதலில் வந்தவருக்கு முதலில் நேரம், உள்ளடக்கத்தைப் பார்த்து மறுக்கக் கூடாது, தடை விதித்தால் மேல்முறையீட்டுக்கு வழி என்பதையெல்லாம் நகரம் அந்த அமைப்போடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சண்டை வந்தபின் விதி எழுதுவது

மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் நடந்ததைப் புதிதாகத் தொடங்கும் எந்த ஊரும் ஒருமுறை படிக்க வேண்டும். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் பொது சேனலில் தங்கள் நிகழ்ச்சிக்கு நேரம் கேட்டது. ஊர் கொதித்தது. கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரம், அவர்கள் வீட்டு வரவேற்பறைக்கே அந்த வெறுப்பு வருவதை யார் பொறுப்பார்கள்? நகர மன்றம் 1988-இல் ஒரு முடிவெடுத்தது. க்ளானைத் தடுத்தால் சட்டத்தில் நிற்காது, அதனால் பொது சேனலையே எடுத்துவிடலாம். ஒரு கும்பலை வெளியே வைக்க, சேனலைப் பயன்படுத்திய அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். க்ளான் வழக்குப் போட்டது. தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். 1989-இல் மன்றம் சேனலைத் திரும்பக் கொண்டுவந்தது.

அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. தவறு எங்கே என்றால், இப்படி ஒரு நாள் வரும் என்று யோசித்து விதி எழுதாமல் விட்டதில். யார் நேரம் கேட்கலாம், உள்ளூர்வாசியாக இருக்க வேண்டுமா, ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், இடம் போதாவிட்டால் குலுக்கலா வரிசையா, பெரியவர்களுக்கான காட்சிகள் எந்த நேரத்துக்குப் பிறகு, என்ன செய்தால் எத்தனை நாள் தடை. இவை எல்லாம் யாருடைய முகமும் மனதில் இல்லாத அமைதியான நாளில் எழுதப்பட வேண்டியவை. நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதும் அந்த விதியில் சேரும். அப்புறம், வெறுப்பைப் பேசும் நிகழ்ச்சி வந்தே தீரும் என்றால், அதற்குப் பதில் சொல்ல விரும்பும் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் அதே வாரத்தில் கேமராவும் நேரமும் கிடைக்கும்படி மையம் தயாராக இருக்க வேண்டும். மறுபடியும் ஆள், மறுபடியும் பணம்.

சின்னதாகத் தெரியும் தொழில்நுட்பம்

இதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நகர மன்றம், பள்ளி, நூலகம் ஆகிய இடங்களிலிருந்து சிக்னலை நிறுவனத்தின் தலைமை நிலையத்துக்கு அனுப்பத் திரும்பு இணைப்பு வேண்டும். எந்தக் கட்டடத்துக்கு, யார் செலவில் என்று ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டு எழுதாவிட்டால் நேரடி ஒளிபரப்பே கிடையாது. பதிவு செய்து கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதுதான். சேனல் எண்ணை மாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். மிச்சிகனில் 2008-இல் காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் இந்தச் சேனல்களை 900-களில் உள்ள எண்களுக்குத் தள்ளப் பார்த்தது, டியர்பார்ன் நகரம் உள்ளிட்டோர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தினார்கள். ஏடி அண்ட் டி நிறுவனம் தன் யூ-வெர்ஸ் தொலைக்காட்சிச் சேவையில் எல்லா ஊர் சேனல்களையும் 99 என்ற ஒரே எண்ணுக்குள் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டது. பட்டியலைத் திறந்து, ஊரைத் தேடி, காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுபது வயதுக்காரர் எப்படிப் பார்ப்பார்?

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கேள்வி

நகர மன்றத்தில் யாராவது ஒருவர் இதைக் கண்டிப்பாகக் கேட்பார். அதை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் சேனல் தோற்றுத்தான் போகும். பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் 1976-இல் நடந்ததை நான் அவர்களுக்குச் சொல்வேன். ரெட் பர்ன்ஸின் மையம் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு அங்கே முதியவர்களுக்காக இருவழிக் கேபிளைச் சோதித்தது. முதியவர்கள் கூடும் மூன்று இடங்களில் கேமராவும் திரையும் வைத்தார்கள். ஓரிடத்தில் இருப்பவர் இன்னோரிடத்தில் இருப்பவரைத் திரையில் பார்த்துப் பேசலாம், வீட்டில் இருப்பவர் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம். கேமராவைப் பிடித்ததும் நிகழ்ச்சியை நடத்தியதும் அந்த முதியவர்களே. நகர அதிகாரிகள் எதிரே உட்கார்ந்து பென்ஷனையும் பேருந்தையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பார்த்தவர் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் சோதனை முடிந்து பல்கலைக்கழகம் கிளம்பியபோது ஊர்க்காரர்கள் விடவில்லை, தாங்களே ஒரு அமைப்பு வைத்துத் தொடர்ந்தார்கள். பெர்க்ஸ் கம்யூனிட்டி டெலிவிஷன் என்ற பெயரில் வளர்ந்தது அதுதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எத்தனை பேர் பேசினார்கள், அதில் எத்தனை பேர் முதல்முறையாகப் பேசினார்கள் என்றும் கணக்கெடுங்கள்.

இன்று கேபிளை வெட்டிவிட்டு இணையத்தில் பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உரிமக் கட்டணம் கேபிள் தொலைக்காட்சி வருமானத்தில்தான் கணக்கிடப்படுகிறது. இணைய இணைப்புக்கு நீங்கள் கட்டும் மாதப் பணம் அதில் சேராது. ஆகவே இப்போது தொடங்கும் நகரம் அந்த 5 சதவீதத்தை மட்டும் நம்பினால் வருடாவருடம் தேயும் பணத்தை நம்புகிறது. நகர பட்ஜெட்டில் ஒரு தொகை, பள்ளியோடும் நூலகத்தோடும் இடப் பகிர்வு என இரண்டு மூன்று கால்களில் நிற்க வேண்டும்.

ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள ஊர் என்றால், அது முடியும் தேதியை இன்றே தேடிப் பாருங்கள். மத்தியச் சட்டப்படி முறையான புதுப்பித்தல் தொடங்குவது அந்தத் தேதிக்கு 36 மாதம் முன்பு. அப்போது வரும் ஆறு மாத காலத்துக்குள் நிறுவனமோ நகரமோ தொடங்கி வைக்கலாம், ஊரின் தேவை என்ன என்று பொதுமக்களிடம் கேட்கும் கூட்டங்கள் அதில்தான் வரும். பெரும்பாலும் நாலு பேர்தான் வருவார்கள். ரொட்டிக்கடைப் பெண்ணையும் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாலை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதை அவர்களே மைக்கில் சொல்லட்டும், அது குறிப்பேட்டில் பதிவாகட்டும்.