ஓகி கஞ்சி: மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து வீட்டிலேயே செய்ய

நைஜீரியாவில் இபாதான் நகரத்தில் நாங்கள் இருந்த காலத்தில் காலைச் சாப்பாடு பாதி நாள் தெருமுனையில்தான். ஒரு அம்மா பெரிய சட்டியில் அக்கரா என்கிற காராமணி வடை பொரித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இன்னொருவர் குண்டானிலிருந்து ஆவி பறக்க ஓகி ஊற்றிக் கொடுப்பார். வெள்ளையாக, வழவழவென்று, தயிர் மாதிரி ஒரு புளிப்போடு இருக்கும் மக்காச்சோளக் கஞ்சிதான் ஓகி. யொருபா மக்கள் வைத்த பெயர் அது. இக்போக்காரர்களுக்கு அது அகமு, நைஜீரியா முழுக்கப் பொதுவாக பாப் என்றாலும் புரியும், கானாவில் இதே குடும்பத்துக் கஞ்சியை கோகோ என்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா. அவர் செய்தபடியே எழுதுகிறேன், எங்கெங்கே கெடும் என்பதையும் சேர்த்து.

முதலில் சோளம். நன்றாகக் காய்ந்த வெள்ளை மக்காச்சோளம் 1 கிலோ எடுங்கள். மஞ்சள் கிடைத்தாலும் சரி, கஞ்சி இளமஞ்சளாக வரும், ருசி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஸ்வீட் கார்ன் ஆகாது, அதில் மாவுச்சத்து போதாது. விதைக்கடையில் வாங்கிய சோளத்தைத் தொடவே வேண்டாம், அதில் பூஞ்சை மருந்து பூசியிருப்பார்கள், சிவப்போ பச்சையோ சாயம் தெரிந்தால் அது விதைச் சோளம். தட்டில் பரப்பி ஒவ்வொரு கைப்பிடியாகப் பொறுக்குங்கள். கறுத்தது, பூஞ்சை பிடித்தது, பூச்சி துளைத்தது எல்லாம் வெளியே போக வேண்டும். பூஞ்சை விஷமான அஃப்லாடாக்ஸின் ஊற வைப்பதாலும் வேக வைப்பதாலும் முழுசாகப் போகாது, அதனால் இந்தப் பொறுக்குகிற வேலையில் அவசரம் காட்டாதீர்கள்.

கழுவி, சோளத்துக்கு மேலே நாலு விரல் உயரம் நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். சோளம் உப்பும், அதனால் பெரிய பாத்திரம் வேண்டும். வெயில் நாளில் 2 நாள், குளிர்ந்த இடத்தில் 3 நாள். தினமும் ஒரு தடவை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது, புளிக்கத்தானே வேண்டும், எதற்கு மாற்றுவது என்று மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தது, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. முதல் ஒன்றிரண்டு நாளில் கண்ட கிருமியும் அந்தத் தண்ணீரில் பெருகும், புளிப்பைக் கொடுக்கிற லாக்டிக் பாக்டீரியா மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகும். தண்ணீரை மாற்றினால் அந்தக் கெட்ட வாடை சேராது. மாற்றுகிற ஒவ்வொரு முறையும் மோந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் நல்லது, அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடலாம். ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும், அப்போதுதான் அரைக்கலாம்.

இபாதானில் அரைக்க மெஷினுக்குத்தான் கொண்டு போவார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் சோளத்தைப் போட்டால் காரம் ஏறிவிடும் என்பதால் அந்த அம்மா மெஷின்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வாளியை இறக்குவார். வீட்டில் கிரைண்டர் இருந்தால் பிரச்சினையே இல்லை. மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டு, நடுநடுவே மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்து அரையுங்கள், ஊறினாலும் சோளத்தோல் கெட்டிதான். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நைஸ் ரவை அளவுக்கு மேல் நெருடக் கூடாது. ஹௌசா மக்கள் கம்பில் வைக்கிற கோகோவில் இஞ்சியும் கிராம்பும் சேரும். அந்த வாசனை பிடிக்குமென்றால் ஒரு துண்டு இஞ்சி, நாலு கிராம்பு இதிலும் சேர்த்து அரைக்கலாம்.

அடுத்து வடிகட்டுவது. உடம்பு நோகிற வேலை இது ஒன்றுதான். அகலமான பாத்திரத்தின் வாயில் மெல்லிய மல் துணியைக் கட்டி, அரைத்ததைக் கொஞ்சமாக ஊற்றி, மேலே தண்ணீர் விட்டுக் கையால் அலசி அலசித் தேய்க்க வேண்டும். வெள்ளைப் பால் கீழே இறங்கும், தோலும் உமியும் துணியில் நிற்கும். கடைசியாகப் பிழிகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள், சக்கையை ஆட்டுக்கோ கோழிக்கோ வைக்கலாம். துணி மட்டும் மெல்லிசாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சல்லடையில் வடித்தால் கஞ்சி தொண்டையில் கரகரக்கும், ஓகிக்கு அழகே அந்த வழவழப்புதான்.

வடித்த பாலை மூடி வைத்தால் சில மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாகப் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். யொருபாவில் அதற்கு ஓமிடுன் என்று பெயர். இனிமேல்தான் நல்ல புளிப்பு ஏறும். 1 நாள் விட்டால் மெலிதான புளிப்பு, 2 நாள் விட்டால் நாக்கில் சுர்ரென்று ஏறும் புளிப்பு, குழந்தைகளுக்கு முதல் வகை, எனக்கு இரண்டாவது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் போன்ற பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து செய்கிற வேலை இது, நன்றாகப் புளித்த மாவில் பிஎச் 4-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ வந்துவிடும், அந்த அமிலத்தில் பல கெட்ட கிருமிகளுக்கு வளரக் கஷ்டம். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்தால் பயப்பட வேண்டாம், வழித்துப் போடுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று எது தெரிந்தாலும் பாத்திரத்தோடு கொட்டுங்கள். புளிப்பு பதம் வந்ததும் மேல் தண்ணீரில் ஒரு டம்ளரை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், அடுத்த முறை வடித்த பாலில் அதைச் சேர்த்தால் ஒரே நாளில் புளித்துவிடும்.

மீதித் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து இறுத்துவிட்டு, அடியில் இருக்கிற மாவைத் துணியில் மூட்டை கட்டி, ஒரு இரவு தொங்க விடுங்கள், அல்லது மேலே கனமாக ஏதாவது வையுங்கள். காலையில் ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், பிசைந்து உருண்டைகளாக ஃப்ரீசரில் போட்டால் பல வாரம்.

சரி, கஞ்சி வைப்பதற்கு வருவோம். இங்கேதான் நிறைய பேருக்குச் சொதப்பும். இரண்டு பேருக்கு 100 கிராம் மாவுக் கட்டியை 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள், பால் மாதிரி இருக்க வேண்டும். தனியாக அரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதிக்கக் கொதிக்க, நூல் பிடித்த மாதிரி அந்தக் கரைசலில் ஊற்றிக்கொண்டே மற்ற கையால் நிறுத்தாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, வெறும் வெள்ளைத் தண்ணீராகவே சுற்றும். கையை நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். திடீரென்று கரண்டி கனக்கும், சுண்ணாம்பு வெள்ளை மாறிப் பளபளப்பான மங்கல் வெள்ளை வரும். அதுதான் பதம், ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

ஏன் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்றால், சோள மாவுச்சத்து 62 டிகிரி தாண்டினால்தான் வேகத் தொடங்கும், 72 டிகிரி வாக்கில்தான் முழுசாகக் கெட்டிப்படும். கரைசலில் தண்ணீர் அதிகமாகிவிட்டாலோ, இறக்கி வைத்து ஆறிப்போன தண்ணீரை ஊற்றினாலோ அந்தச் சூடு வராது, எவ்வளவு கிளறினாலும் நீர்த்தே இருக்கும். அப்படி ஆனால் மாவை வீணாக்க வேண்டாம், பாத்திரத்தைச் சிறுதீயில் ஏற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் கூடி வந்துவிடும். குழந்தைக்கு என்றால் பதம் நன்றாக வந்த பிறகும் 3 நிமிடம் அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டுவிடுங்கள்.

சர்க்கரையும் பாலும் பதம் வந்த பிறகுதான். அங்கே கெட்டியான டின் பால் ஊற்றுவார்கள், எனக்கும் அதுதான் பிடித்தது. இன்னொன்று, சாப்பிட்ட ஸ்பூனைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி நீர்த்துப் போகும். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதால் வருவது. அதனால் மிச்சம் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே தனியாக எடுத்துவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்க அங்கே முதல் கை இதற்குத்தான் போகும். ஆனால் தோலோடு முளைப்பகுதியும் சக்கையில் போய்விடுவதால் வெறும் ஓகியில் புரதம் ரொம்பக் குறைவு. அதை மட்டுமே கொடுத்து வளர்க்கக் கூடாது. அதனால்தான் லாகோஸ் ஓஷோடியில் இருக்கிற மத்திய அரசின் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் சோயா கலந்த ஓகியை உருவாக்கியது. வீட்டில் வறுத்து நைசாக அரைத்த வேர்க்கடலை விழுது ஒரு ஸ்பூன், கொஞ்சம் பால் சேர்த்துக் கொடுக்கலாம், கடலை புதிது என்றால் முதலில் துளியளவு கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

இதே முறையில் மக்காச்சோளத்துக்குப் பதில் நம்ம ஊர் வெள்ளைச்சோளத்திலும் கம்பிலும் செய்யலாம், அதே சோளத்தில் சிவந்த வகையில் செய்கிற ஓகி பாபா தவிட்டு நிறத்தில் வரும். கூட வைத்துக்கொள்ள அக்கராதான். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயம் மிளகாயோடு அரைத்து, நன்றாக அடித்துப் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. காராமணி விழுதை இலையில் மடித்து வேக வைக்கிற மொய்மொய்யும் பொருந்தும்.

மாவுக் கட்டி மிஞ்சினால், இறுகிய கஞ்சிக் கட்டியான ஏக்கோ ஆக்கலாம். அதற்குத் தண்ணீரைக் குறைத்து, அடுப்பிலேயே கெட்டியாகக் கிளறி, சூட்டோடு இலையில் ஊற்றிப் பொட்டலமாக மடித்து ஆற விடுங்கள். அங்கே மொய்மொய் மடிக்கிற அகல இலையில் செய்வார்கள், நான் வாட்டிய வாழையிலையில் மடித்தேன். இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும், பிரிக்கும்போது இலையின் நரம்புக் கோடு அப்படியே அதன்மேல் பதிந்திருக்கும்.