சைனஸ் வாயுவை லேசரால் அளக்கும்போது ஓசூரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

ஒளியைச் சிதறடிக்கும் பொருளுக்குள் அடைபட்ட வாயுவை லேசர் ஒளியால் அளக்கும் முறையை, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுனே ஸ்வான்பெர்க்கின் குழுவினர் 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். பின்னர் அதே முறை மனித முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைகளுக்கும், பச்சிளங்குழந்தையின் நுரையீரலுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் இதைச் செயல்திட்டமாக எடுக்க நினைக்கும் மாணவர்கள், கருவியைத் தொடுவதற்கு முன்பே சில பிழைகளை அறிந்துகொள்வது நல்லது.

பலரும் இதை விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் பெரிய வடிவம் என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆக்சிமீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு பிணைந்த ஆக்சிஜனைக் காட்டுவது. இங்கே அளக்கப்படுவதோ அறைக்குள் தனித்து உலவும் வாயு. திசுவின் உட்கவர்தல், அதாவது ஒளியை உறிஞ்சுதல், அலைநீளத்தில் பரந்து கிடக்க, 760 நானோமீட்டர் அருகே ஆக்சிஜன் வாயுவின் உட்கவர் கோடுகள் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகலாக இருப்பதால்தான், திசுவுக்கு நடுவிலிருந்தும் வாயுவைப் பிரித்தறிய முடிகிறது.

உட்கவர்தலின் அளவைக் கண்டவுடன் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடத் துணிவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒளி எலும்பிலும் சதையிலும் சிதறி அலைந்து வருவதால், வாயுவுக்குள் அது கடந்த தொலைவு நமக்குத் தெரியாது. கிடைப்பது செறிவையும் தொலைவையும் பெருக்கி வரும் ஒற்றை எண் மட்டுமே. ஆகவேதான் நீராவியையும் உடன் அளக்கிறார்கள். ஈரமான உடலறையில் நீராவி நிறைவுற்றிருக்கும் என்பதால், வெப்பநிலை தெரிந்தால் அதன் அடர்த்தியும் தெரிந்துவிடும்; அதைக்கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். ஆனால் 37 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 44 கிராம் இருக்கும் நீராவி, 34 டிகிரியில் 38 கிராமுக்கும் சற்றுக் குறைந்துவிடும். மூச்சுக்காற்றால் குளிர்ந்த அறையை 37 டிகிரி என்றே வைத்துக்கொண்டால், தொலைவு குறைவாகவும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாகவும் கணக்கில் வந்து நிற்கும். நீராவியை அளக்கும் அலைநீளம் 760இலிருந்து வெகுதூரம் விலகினால் இரு ஒளிகளின் பாதையும் வேறுபடும் என்பதையும் மறக்கலாகாது.

இங்கேதான் ஓசூர் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூரில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஆக்சிஜன் அங்கும் 20.9 சதவீதமே, ஆனால் ஒளி எண்ணுவது சதவீதத்தை அன்று, மூலக்கூறுகளை. நிறைவுற்ற நீராவியின் அடர்த்தி உயரத்தால் மாறுவதில்லை. எனவே கடல்மட்டத்துக் காற்றில் சரிபார்த்த கருவியை அப்படியே ஓசூரில் பயன்படுத்தினால், நலமான சைனஸும் ஆக்சிஜன் குறைந்ததுபோலத் தோன்றும். இதில் வேடிக்கை என்னவென்றால், முன்சொன்ன வெப்பநிலைப் பிழை எண்ணைக் கூட்டும், இது குறைக்கும்; இரண்டும் சேர்ந்துகொண்டால் நம்பத்தக்க எண்ணாகத் தெரியும். எங்கே அளக்கிறோமோ அங்குள்ள காற்றைக்கொண்டு கருவியைச் சரிபார்த்து, அன்றைய அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வதே முறை.

தோலுக்கும் உணரிக்கும் நடுவே காற்று தங்க விடக்கூடாது. அந்தக் காற்றிலும் ஆக்சிஜன் உண்டு. ஒரு மில்லிமீட்டர் காற்றின் உட்கவர்தல் லட்சத்தில் இரண்டரைப் பங்குதான் என்றாலும், நாம் தேடும் சமிக்ஞையும் மிகச் சிறியதே. அளப்பதற்கு முன் நெற்றியில் திருநீறோ சந்தனமோ இருந்தால் மெதுவாகத் துடைக்கச் சொல்லலாம். லேசர் பெட்டிக்குள் இருக்கும் காற்றை நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றுவதும், கண்ணாடிப் பரப்புகளிடையே ஒளி எதிரொளித்து ஒன்றோடொன்று கலப்பதால் எழும் குறுக்கீட்டு அலைகளை வாயுவின் கோடாகக் கருதிவிடாமல் இருப்பதும் இதே வகையைச் சேர்ந்த எச்சரிக்கைகள். 760 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும் என்பதால் லேசரின் திறனைக் கண்ணால் மதிப்பிடக்கூடாது. நெற்றி சைனஸ் கண்ணுக்கு அருகில் இருப்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆக்சிஜன் கோடு தென்படவில்லை என்றவுடன் சைனஸில் நீர் கோத்திருக்கிறது என்று எழுதிவிடுவது அவசரம். நீராவி தெரிந்து ஆக்சிஜன் மட்டும் தெரியாவிட்டால், அறையில் வாயு இருந்தும் மூக்கோடு அதற்குள்ள வழி அடைபட்டு, ஆக்சிஜன் திசுவால் உறிஞ்சப்பட்டிருக்கலாம். இரண்டுமே தெரியாவிட்டால் அறை நீரால் நிரம்பியிருக்கலாம், அல்லது ஒளியே அங்கு போய்ச் சேராதிருக்கலாம். அப்போது உணரிக்கு வந்த மொத்த ஒளியின் அளவை முதலில் பார்த்துவிட்டு, இடத்தைச் சற்று மாற்றி வைத்து மறுபடியும் அளக்க வேண்டும்.