பகல்ல எத்தனை தடவை பால் குடுக்கணும்? பொறந்ததுல இருந்து ஒரு வயசு வரைக்கும்

புது அம்மாக்கள் முக்கால்வாசி பேர் கேக்குறது ராத்திரி தூக்கத்தை பத்திதான், "நைட்டெல்லாம் எழுந்துக்கிறான், என்ன பண்றது"ன்னு. நான் திரும்ப முதல்ல கேக்குறது, பகல்ல எத்தனை தடவை குடிச்சான்னு. குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்ளோ பால்னு ஒரு தேவை இருக்கு, அது பகல்ல ரொம்பலைன்னா ராத்திரில எழுந்து கேக்கத்தான் செய்யும், அது அடம் இல்லை, பசி. அதனால இந்த பதிவு முழுக்க பகல் கணக்குதான். இது நிறைமாசத்துல நல்ல எடையோட பொறந்த குழந்தைகளுக்கு. குறைமாசம், இல்ல எடை 2.5 கிலோவுக்கு கம்மின்னா உங்க டாக்டர் சொல்ற இடைவெளிதான் சரி, இதை பாக்காதீங்க.

ஸ்டெப் 1: முதல் மாசம், தூங்கினாலும் எழுப்பி குடுங்க

பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் பால், அந்த மஞ்சளா கெட்டியா வர்ற சீம்பால், அதுல ஒரு சொட்டு கூட வீணாக்க வேண்டாம். பாக்க கொஞ்சமாத்தான் வரும், முதல் ரெண்டு நாளைக்கு பாப்பாவுக்கு அதுவே போதும். சேனை வைக்கிறோம்னு சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைக்க வீட்டுல பெரியவங்க ஆசைப்படுவாங்க, அவங்ககிட்ட சண்டை போடாம "டாக்டர் வேண்டாம்னுட்டாரு அத்தை"ன்னு சொல்லிடுங்க. தேன் ஒரு வயசு முடியற வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்ன குழந்தையோட குடல்ல வளர்ந்து விஷமாகி நரம்பை பாதிக்கும்.

இந்த மாசத்துல 24 மணி நேரத்துக்கு 8ல இருந்து 12 தடவை பால் வேணும். அப்போ பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் மூணு மணி நேரம். இந்த இடைவெளியை குடிக்க ஆரம்பிச்ச நேரத்துல இருந்து எண்ணணும், நிறைய பேர் முடிச்ச நேரத்துல இருந்து எண்ணிட்டு இருப்பாங்க. 9 மணிக்கு வாயில வச்சு 9:40க்கு முடிஞ்சாலும் அடுத்தது 11, 11:30 வாக்குலயே வந்துரும். நாள் பூரா பால் மட்டும்தான் குடுத்துட்டு இருக்கோமான்னு தோணும், ஆமா, இந்த மாசம் அப்படித்தான், சமையலை வேற யாராவது பாத்துக்கட்டும்.

மூணு மணி நேரம் தாண்டி தூங்கினா, பாவம் தூங்கட்டும்னு விடாதீங்க. துணியை கழட்டி, டயப்பர் மாத்தி, உள்ளங்கால்ல லேசா தட்டி, நெஞ்சோட ஒட்டி போட்டுக்கோங்க, தானா வாய் தேட ஆரம்பிக்கும். மஞ்சள் காமாலை இருக்கிற குழந்தை கூடுதலா தூங்கி வழியும், ஆனா அந்த மஞ்சள் மலத்தோடதான் வெளிய போகணும், மலம் போக பால் உள்ள போகணும், அதனால அந்த குழந்தையை கட்டாயம் எழுப்பணும். முதல்ல கொஞ்சம் குறையற எடை பொறந்த எடைக்கு திரும்ப வந்து, அப்புறம் ஏறவும் ஆரம்பிச்சிருச்சுன்னா (ரெண்டு வாரத்துக்குள்ள வந்துரணும்) ராத்திரில ஒரு நீள தூக்கம் தூங்க விடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ஆக கடிகாரம் எழுப்பறதுக்கு மட்டும்தான். ஒரு மணி நேரத்துலயே திரும்ப கேட்டா "இப்பதான குடிச்ச"ன்னு மறுக்கறதுக்கு கடிகாரத்தை பாக்க வேண்டாம், குடுத்துடுங்க.

ஸ்டெப் 2: அழுகைக்கு முன்னாடியே பசியை கண்டுபிடிங்க

அழறது கடைசி கட்டம். அதுக்கு முன்னாடியே உதட்டை சப்புக்கொட்டும், கையை வாய்க்கு கொண்டு போகும், கன்னத்துல விரல் பட்டா அந்த பக்கம் திரும்பி வாயை திறக்கும். அப்பவே எடுத்துட்டா நல்லா கவ்வி குடிக்கும், அழுது களைச்சு போன குழந்தை ரெண்டு நிமிஷம் குடிச்சுட்டு தூங்கிடும், அரை வயித்தோட தூங்கினது அரை மணி நேரத்துல எழுந்துக்கும். ஒரு பக்கம் முழுசா குடிச்சு முடிச்சதும் தோள்ல போட்டு தட்டி ஏப்பம் எடுத்துட்டு அடுத்த பக்கம் குடுங்க. பாதில மாத்தாதீங்க, போகப்போகத்தான் கொழுப்பு அதிகமான பால் வரும்.

ஸ்டெப் 3: பால் போதுமான்னு உச்சாவை எண்ணி பாருங்க

தாய்ப்பால் எவ்ளோ உள்ள போச்சுன்னு யாரும் அளக்க முடியாது, எவ்ளோ வெளிய வருதுன்னு எண்ண முடியும். முதல் நாள் ஒண்ணு, ரெண்டாம் நாள் ரெண்டுன்னு ஏறி, அஞ்சாம் ஆறாம் நாள்ல இருந்து 24 மணி நேரத்துல ஆறு தடவைக்கு மேல வெளிறின நிறத்துல உச்சா போகணும். டயப்பர் போட்டா கணக்கு தெரியலைன்னா பகல்ல துணி கட்டுங்க, பாட்டிங்க கட்டுவாங்களே அந்த பழைய பருத்தி வேட்டி துணி, நனைஞ்சது உடனே தெரியும். இதோட எடை. முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு சுமாரா 20ல இருந்து 30 கிராம் ஏறணும், அங்கன்வாடிலயே எடை போட்டு கார்டுல கோடு போட்டு குடுப்பாங்க.

உச்சா குறைஞ்சு, உச்சிக்குழி உள்வாங்கி, எழுப்பினாலும் முழிக்காம துவண்டு கிடந்தா வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. மூணு மாசத்துக்கு உள்ள இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்னாலும் அதேதான்.

ஸ்டெப் 4: ஒண்ணுல இருந்து மூணு மாசம்

இப்போ பகல்ல ரெண்டரை, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு தானா வந்துரும், பகல் மட்டும் ஆறு ஏழு தடவை ஆகும். ஃபார்முலா குடிக்கிற குழந்தை மூணுல இருந்து நாலு மணி நேரம் தாங்கும். அதுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 மில்லின்னு கணக்கு, அதாவது 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, அதை எத்தனை தடவைன்னு பிரிச்சுக்கோங்க. டப்பால போட்டிருக்கிற ஸ்பூன் அளவுதான் போடணும், டப்பா கூடுதல் நாள் வரட்டும்னு தண்ணி கூட்டவே கூடாது.

மூணாவது வாரம், ஆறாவது வாரம், மூணாவது மாசம் இந்த மாதிரி சமயத்துல திடீர்னு ரெண்டு மூணு நாள் மணிக்கொரு தடவை கேக்கும், சாயங்காலம் ஆனா விடவே விடாது. வீட்டுல யாராவது "உனக்கு பால் பத்தலை, டப்பா பால் வாங்கு"ன்னு சொல்றது சரியா இந்த நாள்லதான். உச்சாவும் எடையும் சரியா இருந்தா பால் பத்துது. குழந்தை வேகமா வளருது, கூடுதலா சப்பி சப்பி நாளைக்கு வேண்டிய பாலை இன்னைக்கே ஆர்டர் போடுது, நீங்க அந்த நேரத்துல டப்பா பால் குடுத்தா அந்த ஆர்டர் உங்க உடம்புக்கு போகாது. ரெண்டு மூணு நாள் தாங்கிக்கோங்க தாயி, அது அடங்கிடும்.

ஸ்டெப் 5: நாலாவது அஞ்சாவது மாசம், வேடிக்கை பாக்குற வயசு

இந்த இடத்துலதான் பகல் பால் கவனிக்காமலே குறையுது. மூணு, மூணரை மணி நேர இடைவெளி, பகல்ல அஞ்சு தடவைன்னு இருக்கணும், ஆனா ஃபேன் சுத்தினா திரும்பும், குக்கர் விசில் அடிச்சா திரும்பும், அண்ணன் ஓடி வந்தா பாலை விட்டுட்டு அவனை பாத்து சிரிக்கும். பகல் பூரா இப்படி கொத்தி கொத்தி குடிச்சுட்டு ராத்திரி மூணு நாலு தடவை எழுந்து முழு வயிறு குடிக்கும், அப்புறம் அடுத்த பகல் பசி இருக்காது, இது ஒரு சுத்து.

இதை உடைக்க பகல்ல ரெண்டு பாலையாவது கதவை சாத்தி, லைட்டை அணைச்சு, டிவி ஃபோன் எதுவும் இல்லாத ரூம்ல குடுங்க. தூங்கி எழுந்த உடனே அரை முழிப்புல நல்லா குடிக்கும், அந்த நேரத்தை விடாதீங்க. தூங்கப் போற முன்னாடி சாயங்காலம் ஆறு மணியும் எட்டு மணியுமா நெருக்கி ரெண்டு தடவை குடுக்கலாம்.

ராத்திரி தூங்கறதுக்காக ராகி கூழ் ஆரம்பிக்கலாமான்னு கேப்பீங்க. ஆறு மாசம் முடியற வரைக்கும் பால் மட்டும்தான், சித்திரை வெயில்ல கூட தண்ணி வேண்டாம், பால்லயே தண்ணி இருக்கு. உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், டாக்டர் எழுதி குடுத்த வைட்டமின் டி சொட்டு மட்டும் விடாம குடுங்க.

வேலைக்கு திரும்பறவங்க, நீங்க இல்லாத நேரத்துல குழந்தை எத்தனை தடவை குடிக்குமோ அத்தனை தடவை ஆபீஸ்ல பால் எடுக்கணும், இல்லைன்னா சுரப்பு குறையும். எடுத்த பால் வெளிய நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா நாலு நாள். நம்ம ஊர் கோடைல எடுத்த உடனே ஃப்ரிட்ஜுக்கு போயிரட்டும். சட்டத்துலயே குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் தினம் ரெண்டு பாலூட்டும் இடைவேளை எழுதியிருக்கு, தயங்காம கேளுங்க, அது உங்க உரிமை.

ஸ்டெப் 6: ஆறு மாசம் முடிஞ்சதும்

சாப்பாடு ஆரம்பிச்சாச்சுன்னு பாலை குறைச்சிடாதீங்க, எட்டு மாசம் வரைக்கும் பால்தான் முதல். பகல்ல நாலஞ்சு தடவை பால், அதுக்கு நடுவுல ரெண்டு மூணு வேளை சாப்பாடு. பால் குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிச்சு மெதுவா அரை கப் வரைக்கும் போங்க. குழைய வேகவச்ச பருப்பு சாதத்துல நெய், கேழ்வரகு கூழ், மசிச்ச வாழைப்பழம், எதுவா இருந்தாலும் ஸ்பூனை சாய்ச்சா வழியாம நிக்கிற பதத்துல. பருப்புத்தண்ணி, சாதத்தண்ணி குடுத்து வயித்தை ரொப்பினா பாலும் போச்சு சத்தும் போச்சு. உப்பு சர்க்கரை ஒரு வயசு வரைக்கும் வேண்டாம்.

ஸ்டெப் 7: ஒன்பது மாசத்துக்கு மேல

இப்போ மூணு நாலு வேளை சாப்பாடு, பகல்ல மூணு நாலு தடவை பால், வேணும்னா நடுவுல ஒரு பழமோ இட்லியோ. இந்த வயசுல வரிசையை மாத்தலாம், முதல்ல சாப்பாடு அப்புறம் பால். ஒரு வயசு ஆனதும் வீட்டு சாப்பாடுதான் பிரதானம், பகல் பால் ரெண்டு மூணு தடவை போதும், தாய்ப்பால் ரெண்டு வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் குடுக்கலாம். பசும்பால் குடுக்கிறவங்க ஒரு நாளைக்கு 400, 500 மில்லியோட நிறுத்திக்கோங்க, அதுக்கு மேல போனா சோறு இறங்காது, இரும்புச்சத்து குறைஞ்சு குழந்தை வெளிறிப் போகும். சாப்பிடவே மாட்டேங்குதுன்னு சொல்ற குழந்தைக்கு முதல்ல எத்தனை டம்ளர் பால் போகுதுன்னு எண்ணி பாருங்க, நிறைய வீட்டுல விடை அங்கதான் இருக்கும்.