சொந்த ஒயினுடன் கப்பலேறுவோர் அறிய வேண்டியவை

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கங்களில் கப்பலில் வேலை பார்த்தவர்களைக் காண்பது அரிதன்று. ஆனால் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு பயணியாகக் கப்பலேறுவது எங்கள் பகுதிக்குப் புதிய பழக்கம். 2022 ஜூன் மாதம் கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிறகும், சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கப்பலேறும் குடும்பங்கள் பெருகிய பிறகும், உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நமக்குப் பிடித்த ஒயின் பாட்டிலை நாமே கொண்டுபோகலாமா, கொண்டுபோனால் கப்பலில் அதற்குக் கட்டணம் கேட்பார்களா?

கொண்டுபோகலாமா என்பதை முடிவு செய்வது கப்பல் நிறுவனம். சென்னையிலிருந்து புறப்படும் கார்டிலியாவில் வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே ராஜாஜி சாலை வழியாகத் துறைமுகத்துக்குப் போய் அதில் ஏறுபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள், மது அருந்தும் வயதை எட்டிய ஒவ்வொரு பயணியும் சீல் உடைக்காத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்றை, பயணம் தொடங்கும் நாளில் மட்டும், தம்முடன் எடுத்துவர இடம் தருகின்றன. நார்வீஜியன் நிறுவனம் எத்தனை ஒயின் பாட்டில் கொண்டுவந்தாலும் மறுப்பதில்லை. ஆனால் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வசூலித்துவிடும். விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றுக்கு இந்த நிறுவனங்களில் இடமே இல்லை. வயது வரம்பும் கப்பல் புறப்படும் நாட்டைப் பொறுத்தது: ராயல் கரீபியன் கப்பல்களில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் 21, ஆசியாவிலிருந்து புறப்பட்டால் 18. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதால், முன்பதிவு செய்யும்போது ஒரு முறையும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறையும் நிறுவனத்தின் மதுக் கொள்கையைப் படித்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னது வாயிற்படியில் செல்லாது.

இனி கட்டணத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் கார்க் எனப்படும் தக்கையை ஒட்டிப் பிறந்த பெயர்தான் கார்க்கேஜ். தமிழில் தக்கைக் கட்டணம் என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் கொண்டுவந்த பாட்டிலை உணவக ஊழியர் திறந்து, உரிய கோப்பைகளில் ஊற்றி, குளிர வைத்து, பிறகு அந்தக் கோப்பைகளைக் கழுவி எடுத்துவைக்கும் உழைப்புக்கும், தங்கள் ஒயினை நீங்கள் வாங்காததால் உணவகத்துக்கு ஏற்படும் இழப்புக்கும் சேர்த்து வாங்கப்படும் தொகை அது. கார்னிவல் கப்பல்களின் உணவுக்கூடத்தில் பாட்டிலுக்கு 15 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 1,300 ரூபாய். அதையே உங்கள் அறைக்குள் திறந்து அருந்தினால் கட்டணம் இல்லை. நார்வீஜியனில் 750 மில்லிக்கு 15 டாலர், 1,500 மில்லி பெரிய பாட்டிலுக்கு 30 டாலர் என்பது நெடுநாளைய வழக்கம். அங்கே எந்த இடத்தில் அருந்தினாலும் கட்டணம் உண்டு, அதை ஏறும்போதே கணக்கில் எழுதிவிடுவார்கள். ஒரே தொகை என்றாலும் இரண்டு நிறுவனங்களும் அதை வாங்கும் முறை வேறு என்பதால், ‘எவ்வளவு’ என்பதோடு ‘எங்கே அருந்தினால்’ என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

இந்தக் கட்டணம் கொடுத்தும் ஆதாயம் உண்டா என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கப்பலின் பட்டியலில் 45 டாலர் போட்டிருக்கும் ஒரு பாட்டிலை நீங்கள் வாங்கினால், அதன்மேல் சேவைத் தொகையாக 18 விழுக்காடு சேர்ந்து 53 டாலருக்குச் சற்று மேலே போகும். அதே தரத்திலான பாட்டிலைக் கடையில் 20 டாலருக்கு வாங்கி, 15 டாலர் தக்கைக் கட்டணமும் கொடுத்தால் மொத்தம் 35. மிச்சம் 18 டாலர். கடையிலேயே 8 டாலருக்கு விற்கும் மலிவான ஒயினுக்கும் அதே 15 டாலர்தான் என்பதால், பாட்டிலின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் திறப்பதற்கே கொடுப்பீர்கள்; அதைவிடக் கப்பலிலேயே ஒரு கோப்பை வாங்கி அருந்திவிடலாம். பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணம் மட்டும் இருந்தால் இந்தச் சிரமத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நாளில், அந்த மேசையில், அந்தப் பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் மனம் விரும்பினால், அதற்காகக் கொடுக்கும் 15 டாலர் வீணே இல்லை.

எனக்கு அப்படியொரு நாள் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற என் அப்பாவையும் அம்மாவையும் அவர்களுடைய நாற்பதாவது திருமண நாளுக்காகச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அழைத்துப் போனேன். அண்ணன் பரிசளித்த இரண்டு பாட்டில்களைப் பெட்டிக்குள் வைத்து, விமானத்தில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட நிம்மதியில், கப்பல் முனையத்தில் அந்தப் பெட்டியை அப்படியே சுமை தூக்குபவரிடம் கொடுத்துவிட்டேன். இரவு ஒன்பது மணி வரை பெட்டி அறைக்கு வரவில்லை. கீழ்த்தளத்துக்கு அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கையில் கொண்டுவந்திருந்தால் அனுமதித்திருப்போம், பெட்டிக்குள் வைத்து அனுப்பியதால் கடைசி நாள் காலைதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். விதியை அரைகுறையாகப் படித்தது என் பிழை. திருமண நாள் விருந்தில் அப்பா ஆரஞ்சுப் பழச்சாறு அருந்தினார். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே சென்னையிலிருந்து போகிறவர்கள் இந்த முரண்பாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்பதால் ஒயின் சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். கப்பலிலோ அது கைப்பையில்தான் வர வேண்டும். சிங்கப்பூரில் விடுதி அறையிலோ முனையத்துக்குள் நுழையும் முன்போ பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். தக்கைத் திருகியை விமானத்தில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அது இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், அறைப் பணியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். திருகு மூடி போட்ட ஒயினாகத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

பாட்டிலைக் கட்டுவதற்கு எங்கள் வீட்டுப் பழைய கைலியைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை. முதலில் பாட்டிலைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, பிறகு கைலியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே படுக்க வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டி விழும்போது அடி நேராகப் பாட்டிலின் மீது விழும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பதால் அதற்கு இன்னும் ஒரு சுற்று வேண்டும். மீனம்பாக்கம் போகும் வழியில் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ஒயினை வைத்திருப்பது அதை வேக வைப்பதற்குச் சமம். இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ள வரியில்லாக் கடையில் வாங்கிக்கொள்வது. அப்படி வாங்கியதும் சேர்த்து, 18 வயது நிறைந்து, 48 மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்துவிட்டு வரும் ஒருவர் வரியின்றி 2 லிட்டர் ஒயின் வரை கொண்டுவரலாம். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

கிறிஸ்துமஸ் காலத்தில் ராயபுரத்து வீடுகள் சிலவற்றில் கம்பம் பன்னீர் திராட்சையைப் போட்டு ஊறவைக்கும் ஒயினைக் கொண்டுபோகலாமா என்று என் அத்தை கேட்டார். முடியாது, ஆலையில் அடைத்த சீலும் ஒட்டிய விவரச் சீட்டும் இல்லாத எதையும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலில் மதுவை ஊற்றிக் கடத்தும் யோசனையைச் சொல்பவர்களுக்குச் செவி கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தவர்கள் பெருகியதும் ஒரு காரணமாகத்தான் 2015இல் கார்னிவல் நிறுவனம் பயணிகள் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதையே தடை செய்தது.

உணவுக்கூடத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெள்ளை ஒயின் என்றால் பிற்பகலிலேயே கொடுத்துக் குளிர வைக்கச் சொல்லுங்கள். பாட்டிலை மேசையில் வைத்து, இது நாங்கள் கொண்டுவந்தது, தக்கைக் கட்டணத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. ரசீதில் கையெழுத்திடும் முன் தொகையைப் பாருங்கள். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைகள் வரும். மீதியிருந்தால் அறை எண்ணை எழுதி வைத்து மறுநாள் இரவு எடுத்துத் தருவார்கள். ஆகவே இரண்டு பேர் ஒரே இரவில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வழியில் மலேசியாவின் லங்காவி போன்ற வரியில்லாத் தீவில் இறங்கி வாங்கும் பாட்டில்களைக் கப்பல் ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் முடிவில்தான் தருவார்கள். அப்போது சிங்கப்பூர் சுங்கத்தில் மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கான விதி உங்களுக்கும் பொருந்தக்கூடும் என்பதால் வரி கட்ட நேரலாம். இந்தியா திரும்பும்போது ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு அடங்கும், மூன்றாவது அடங்காது. வாங்கிய ரசீதுகளைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து வையுங்கள், மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.