பழைய கட்டில், பீரோவை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கும்போது

சென்னையில் அம்மா வீட்டைக் காலி செய்தபோது, முதியோர் இல்லத்திலிருந்து வந்த வண்டி பாதிச் சாமானை ஏற்றாமலே திரும்பியது. தப்பு என்மேல்தான், முன்பக்கப் படம் மட்டும் அனுப்பியிருந்தேன். அவர்கள் பார்க்க வேண்டியது பின்பலகையையும் கால்களின் அடியையும். கரையான் அங்கேதான் ஏறும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினால் பொதபொதவென்று உள்ளே போகிற மரத்தைக் கொடுக்கவே கூடாது.

அடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் நாலு படம், அங்குலக் கணக்கில் அளவு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் கதவின் அகலம் எல்லாம் அனுப்பினேன். ஆறரை அடி இரும்பு பீரோ பல லிஃப்டுகளில் நுழையாது. படிக்கட்டுதான், நாலு ஆள் வேண்டும். அதற்கு முன் லாக்கரையும் ரகசிய அறையையும் கைவிட்டுத் துழாவுங்கள். சாவியைக் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.

கட்டிலைக் கழற்றினால் போல்ட், நட்டு, வாஷரைப் பையில் போட்டுத் தலைமாட்டுப் பலகையில் ஒட்டுங்கள். இணைப்புத் துளையோரம் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. கொதிநீர் ஊற்றி, காயவைத்து, சில நாள் கழித்து மறுபடி பார்த்த பிறகே அனுப்பலாம். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலமாரியைக் கழற்றாமல் அனுப்புவதே நல்லது. திருகு ஓட்டை பிய்ந்துவிட்டால் மறுபடி பிடிக்காது. பழைய மெத்தையா? கேட்டுவிட்டுக் கட்டுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

வண்டிக்கூலி யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பொருளாகக் கொடுப்பதற்கு, 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது, பணத்துக்குத்தான். அந்த ரசீது கேட்டு அவர்களை நச்சரிக்காதீர்கள்.