1880களின் பேஸ்பால் வீரர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படிப்பது எப்படி?

பழைய பேஸ்பால் வீரர்களின் ஆட்டக் கணக்கு இணையத்தில் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். அவர்கள் எந்த நிபந்தனையில் ஆடினார்கள், ஆட்டம் முடிந்தபின் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைத்தான் தோண்டி எடுக்க வேண்டும். ப்ராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) 'ஓல்ட் ஹாஸ்' சார்லஸ் ராட்போர்னைத் தேடியபோது எனக்குப் பிடிபட்ட வழி இது.

படி 1: ஆட்டக் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து ஊர், ஆண்டு, அணி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1854, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர். இறந்தது 1897, இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டன். இறந்த ஊரை அடிக்கோடிடுங்கள், பின்னால் வேண்டும்.

படி 2: நாளிதழ்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பான குரோனிக்லிங் அமெரிக்கா இலவசம். கட்டணத் தளங்களுக்குப் போகுமுன் இதை முழுசாகப் பாருங்கள். 1883இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஸ்போர்ட்டிங் லைஃப் வார இதழும் மின்வடிவில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முதலிடம். வீரர்களைப் பற்றிய துணுக்குச் செய்திகள் வாராவாரம் வரும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இரண்டு வார இறுதிகள் தேடியும் ஒன்றுமே அகப்படவில்லை. காரணம், அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'பேஸ் பால்' (base ball) என்று இரண்டு சொல்லாக அச்சிட்டார்கள். நடுவில் இடைவெளி விட்டுத் தேடியதும் பக்கம் பக்கமாக வந்தது. இணைப்புக்கோடு போட்டும் ஒருமுறை தேடுங்கள். அடுத்து, பெயர். ராட்போர்ன் என்பது ஆங்கிலத்தில் கடைசியில் 'ஈ' (e) எழுத்து இல்லாமலும் வரும், சேர்ந்தும் வரும். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பட்டயத்திலேயே 'ஈ' உண்டு. முதல் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். நாளிதழில் வரும் ஆட்டக் கட்டங்களில் (ஒவ்வொரு வீரரின் கணக்கையும் காட்டும் அட்டவணை) பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும்.

படி 3: எண்களைப் படிக்குமுன் அந்த ஆண்டின் விதிகளைப் பாருங்கள். 1884இல் பிட்சர் 50 அடி தூரத்திலிருந்து வீசினார் (60 அடி 6 அங்குலம் வந்தது 1893இல்). கையைத் தோளுக்கு மேல் தூக்கி வீச நேஷனல் லீக் அனுமதித்ததும் அந்த ஆண்டுதான். அப்படியிருந்தும், ராட்போர்ன் அந்த ஆண்டு தொடங்கிய 73 ஆட்டங்களையும் மாற்று பிட்சர் இல்லாமல் தானே முடித்தார் என்பது சாதாரண உழைப்பில்லை. அந்த ஆண்டில் அவருடைய வெற்றிகள் சில நூல்களில் 60, சிலவற்றில் 59. வேறொருவர் தொடங்கி முன்னிலையோடு விட்டுப்போன ஓர் ஆட்டத்தை ராட்போர்ன் முடித்துவைத்தார். அது யார் கணக்கு என்பதில்தான் வித்தியாசம்.

படி 4: ஒப்பந்தம். இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1879இல் வந்த ரிசர்வ் ஏற்பாட்டின்படி, அணி தக்கவைத்துக்கொண்ட வீரர் அணியின் சம்மதமில்லாமல் வேறு இடம் போக முடியாது. 1884 ஜூலையில் ராட்போர்ன் இடைநீக்கத்தில் இருந்தார். அணியின் இன்னொரு பிட்சர் ஸ்வீனியும் போய்விட, மீதி ஆட்டங்களை நானே வீசுகிறேன், பதிலுக்கு ரிசர்விலிருந்து என்னை விடுவியுங்கள் என்று பேசி முடித்தார். அந்த ஆகஸ்ட், செப்டம்பர் செய்திகளை இதை நினைவில் வைத்துப் படியுங்கள். சாதனைப் பட்டியலுக்குப் பின்னால் விடுதலைக்காகத் தோளைப் பணயம் வைத்த ஒரு தொழிலாளி தெரிவார். 1890இல் வீரர்களே தொடங்கிய பிளேயர்ஸ் லீகுக்கு அவர் ஏன் போனார் என்பதும் எனக்கு அதன் பிறகுதான் புரிந்தது.

படி 5: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1880 ஏடுகள் வம்சாவளி தேடும் தளமான ஃபேமிலிசர்ச்சில் உள்ளன. 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் பாழாகி, பிறகு அழிந்தே போயின. 1900 ஏட்டைத் திறந்தால் ராட்போர்ன் உயிரோடு இல்லை. நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தை நிரப்ப நகர விவரத் தொகுப்புகளைப் பிடியுங்கள். பெயர், தொழில், முகவரி மூன்றும் ஒரே வரியில் இருக்கும். படி 1இல் அடிக்கோடிட்ட ஊர் இப்போது கைகொடுக்கும்: ஓய்வுக்குப் பின் ப்ளூமிங்டனில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்தினார், வேட்டை விபத்தில் ஒரு கண்ணை இழந்தார், 42 வயதில் இறந்தார்.

பின்சேர்க்கை: ஒரே வீரருக்கு 1887இல் இரண்டு பேட்டிங் சராசரி வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஓராண்டு மட்டும் 'வாக்' (பிட்சரின் தவறான வீச்சுகளால் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போவது) கிடைத்ததையும் ஹிட்டாக, அதாவது அடித்துத் தளம் சேர்ந்ததாக எண்ணினார்கள். டிப் ஓநீல் என்ற வீரருக்கு .492 என்றும் .435 என்றும் வருவது அதனால்தான். இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட அதுதான் சரி.